வயதைக் கண்ணால் கணித்தது தப்பிப்போனால் வேலையைப் பறிக்கலாமா?

கேள்வி இது: "என் தம்பி கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு வருடமாக பில் போடும் வேலையில் இருந்தான். போன வாரம் தாடி மீசையோடு ஒருவன் வந்து சிகரெட் பாக்கெட் கேட்டான், இவனும் கொடுத்துவிட்டான். வாங்கியவன் பிளஸ் டூ படிக்கிற பதினேழு வயதுப் பையன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பையனின் அப்பா கடைக்கு வந்து சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே தம்பியை நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் பெரியவனாகத் தெரிகிறவனை இவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இது நியாயமா?"

நியாயம் இல்லை. அதற்காக உங்கள் தம்பி மேல் தவறே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஒரு தவறு இருக்கிறது, அதற்கு ஒரு மெமோ போதும். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் கிழக்கோரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், கடை ஊழியர்களின் வேலைநீக்கத் தகராறுகளைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிற வேலையைத்தான் நான் செய்கிறேன். வயது பார்க்காமல் விற்றான் என்ற காரணம் அங்கே அடிக்கடி வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அப்பாவின் பக்கம். அவர் சத்தம் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதினேழு வயதில் பிடிக்க ஆரம்பிக்கும் சிகரெட் பலருக்கு ஆயுளுக்கும் விடுவதில்லை. சட்டமும் அவர் பக்கம்தான். கோட்பா என்று சொல்கிற 2003-ஆம் ஆண்டின் சிகரெட், புகையிலைப் பொருட்கள் சட்டம் ஆறாவது பிரிவில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. இருநூறு ரூபாய்தானே என்று கடைக்காரர்கள் அலட்சியமாக இருந்தது பழைய கதை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77, ஒரு குழந்தைக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரே பாக்கெட், ஒரே கை. எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது இருநூறு ரூபாயிலும் முடியலாம், சிறையிலும் முடியலாம். உங்கள் முதலாளி பயந்துபோனதற்குக் காரணம் இதுதான். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயந்தவர் யார் மேல் பாரத்தைத் தள்ளினார் என்பதில்தான் எனக்குச் சண்டை.

கோட்பா விதிகள் 2004-இல் வந்தன. வாங்கியவர் மைனர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது என்று அவை சொல்கின்றன. கூடவே, சந்தேகம் வந்தால் வயதுக்கான ஆதாரத்தைக் கேட்கலாம் என்றும் சொல்கின்றன. சந்தேகம் வந்தால்! சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. தாடி வைத்த ஒரு பையன் எதிரே வந்து நின்றால் சந்தேகமே வராது. சந்தேகம் வராதவன் ஆதாரம் கேட்க மாட்டான். கேட்காதவன் மாட்டிக்கொள்வான். ஆக, யாரைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்பதை விதி சொல்லவில்லை, கடையும் சொல்லித் தரவில்லை. பில் போடுகிறவரின் கண்ணுக்கு விட்டுவிட்டு, அந்தக் கண் ஏமாந்த அன்று அவரை வெளியே அனுப்புகிறார்கள்.

கண்ணால் வயதைக் கணிப்பது எவ்வளவு நம்பகமானது? 1982-இல் ஜயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைக் குறிப்பிட்டது. எலும்பை எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் சொல்லும் வயதிலேயே முன்னும் பின்னும் இரண்டு வருடம் தவறு வரலாம் என்றது. எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைத்து, நிபுணர் நிதானமாகப் பார்த்துச் சொல்லும்போதே இரண்டு வருடம் அப்படி இப்படிப் போகும். பில் போடுகிறவருக்குக் கிடைப்பது சில விநாடி. அதற்குள் ஸ்கேன் பண்ண வேண்டும், சில்லறை பார்க்க வேண்டும், கூகுள் பே சத்தம் வந்ததா என்று காது கொடுக்க வேண்டும், வரிசையில் பின்னால் நிற்பவரின் முணுமுணுப்பையும் கேட்க வேண்டும். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் முகத்தில் என்ன வித்தியாசம் தெரியும்? நம் பக்கத்தில் லீவு நாளில் தோப்பு வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிற பதினாறு வயதுப் பையன் இருபத்திரண்டு போல இருப்பான். எம்.எஸ்ஸி. படிக்கிற இருபத்திமூன்று வயதுப் பையன் பத்தாம் வகுப்பு போல இருப்பான். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

எல்லைப் பக்கத்தில் இது இன்னும் மோசம். புகையிலைக்கு எல்லையின் இரண்டு பக்கமும் பதினெட்டு. மதுவுக்கு அப்படி இல்லை. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு கடைசியில் மது வாங்கும் வயதை 21-இலிருந்து 23 ஆக்கினார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 21. பொள்ளாச்சியில் சட்டப்படி வாங்கலாம் என்றிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வாங்கத் தகுதி இல்லாதவன். தமிழ்நாட்டில் கள் கிடையாது என்பதால் சித்தூர் பக்கத்துக் கள்ளுக்கடைகளைத் தேடி அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவது தினமும் நடப்பது. "எங்க ஊர்ல வாங்கிட்டுத்தானே இருக்கேன் சேட்டா" என்று ஒருவன் சொல்வது பொய்யும் இல்லை. கவுண்டரில் நிற்பவர் இருபத்திரண்டையும் இருபத்திமூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மனிதக் கண்ணால் ஆகாத காரியம் அது.

சரி, கார்டு கேட்டால் தீர்ந்துவிடுமா? பெரும்பாலும் தீரும், முழுக்கத் தீராது. பழைய ஆதார் கார்டுகளில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும், தேதி இருக்காது. எஸ்டேட் பக்கத்திலும் கிராமத்திலும், பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதிதான் பலருக்கும் பிறந்த தேதி. ஆனாலும் இவை அந்தக் கார்டைக் கொடுத்தவர்களின் பிரச்சினை. கார்டைக் கேட்டு, வருடத்தைப் பார்த்து விற்ற ஊழியர் தன் வேலையைச் செய்துவிட்டார். அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

மற்ற நாடுகளில் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அதில்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் மது வாங்க வயது 18. ஆனால் பெரிய கடைகளில் 'சேலஞ்ச் 25' என்ற ஏற்பாடு இருக்கிறது. இருபத்தைந்துக்குக் கீழே என்று தோன்றுகிற எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2019 டிசம்பரிலிருந்து புகையிலைக்கு 21 வயது. 2024 செப்டம்பர் 30 முதல், முப்பதுக்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் போட்டோ உள்ள அட்டையைப் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று விதி. அதற்கு முன்பு அந்த எல்லை 27.

இந்த இடைவெளி என்ன செய்கிறது என்று பாருங்கள். சட்ட வயது 21, கேட்கும் வயது 30. ஒரு பதினேழு வயதுப் பையனிடம் அட்டை கேட்காமல் விட வேண்டுமானால், அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது என்று ஊழியர் நினைத்திருக்க வேண்டும். அது அநேகமாக நடக்காது. தாடியோ உயரமோ குரலோ பொருட்டில்லை. ஊழியர் வயதைச் சரியாகக் கணிக்க வேண்டிய அவசியமே போய்விடுகிறது. "சின்னவன் மாதிரி இருக்கிறானா? கேள்" என்பதோடு முடிந்தது. தப்பு நடந்தால் விசாரணையும் எளிது: "கேட்டாயா, கேட்கவில்லையா?" கேமராவைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். வாடிக்கையாளருக்கும் அவமானம் இல்லை. எல்லோரிடமும் கேட்கிறார்கள், என்னிடமும் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படி ஒரு விதி எழுத்தில் இருந்து, பயிற்சி கொடுத்து, கவுண்டரில் ஒட்டியும் வைத்திருக்கிற கடையில், ஊழியர் கேட்காமலே பதினேழு வயதுப் பையனுக்கு விற்றால், தண்டனை கொடுக்க முதலாளிக்கு உரிமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் முதல் தடவையே வேலைநீக்கம் என்பது அதிகம். இங்கிலாந்தில் இன்னொன்றும் நடக்கிறது. சோதனைக்கு என்று பதினெட்டு தாண்டிய இளைஞரை அனுப்பி, அவரிடம் அட்டை கேட்கவில்லை என்று ஊழியருக்கு நடவடிக்கை. விற்றது சட்டப்படி சரியான விற்பனை, மீறியது கடையின் உள்விதியை மட்டும். அதற்கு எச்சரிக்கை கொடுத்துப் பயிற்சியை மறுபடி கொடுக்கலாம். வேலையைப் பறிப்பதை என்னால் ஏற்க முடியாது. ஏனென்றால், இருபத்தைந்துக்குக் கீழேயா மேலேயா என்பதும் மறுபடி கண்ணால் போடும் கணக்குதான்.

உங்கள் தம்பியின் கடையில் இதில் எது இருந்தது? நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் எதுவுமே இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை, 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில், கடையில் வைத்திருக்க வேண்டும். அது இருந்திருக்கலாம். பலகை வாடிக்கையாளரைப் பார்த்துத் தொங்குகிறது. ஊழியருக்குச் சொல்லித் தரும் வேலையைப் பலகை செய்யாது.

இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன், உங்கள் தம்பியின் மனுவில் எழுத வேண்டியது. 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜே. அகமது வழக்கு. அசாமில் நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்தவர் அவர். 1960 மொழிக் கலவரத்தின்போது நிலைமையைச் சரியாகக் கணிக்கவில்லை, முன்யோசனை இல்லை, தலைமைப் பண்பு இல்லை என்று அவர்மேல் குற்றச்சாட்டு. திறமைக்குறைவும் சூழ்நிலையைக் கணிப்பதில் வரும் பிழையும் தம்மளவில் ஒழுங்கீனம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. விளைவு ஈடுசெய்ய முடியாததாகவும் கவனக்குறைவின் அளவு மிக அதிகமாகவும் இருந்தால் மட்டுமே அப்படிக் கருதலாம் என்றது. உதாரணமாக, ரயில் நிற்கிற தடத்தில் இன்னொரு ரயிலுக்கு சிக்னல் கொடுத்து மோத விடும் கேபின்காரரையும், தசையில் போட வேண்டிய ஊசியை ரத்தக்குழாயில் போட்டு நோயாளியைச் சாகடித்துவிடும் நர்ஸையும் காட்டியது. அது அரசு அதிகாரியின் வழக்கு, உங்கள் தம்பி தனியார் கடை ஊழியர். ஆனாலும் கணிப்புப் பிழை வேறு, ஒழுங்கீனம் வேறு என்ற அந்தப் பிரிப்பு வேலைநீக்க வழக்குகளில் எடுத்து வைக்கத் தகுந்தது. ஒரு மாவட்டத்தையே கையில் வைத்திருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குக் கிடைத்த அந்த அளவுகோல், மாதச் சம்பளத்துக்கு பில் போடுகிற பையனுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாளி ஏன் அன்று சாயங்காலமே நிறுத்தினார் என்று யோசித்தீர்களா? கோட்பா சட்டத்தின் 26-ஆவது பிரிவு, ஒரு நிறுவனம் குற்றம் செய்தால் அதை நடத்துகிறவரும் பொறுப்பு என்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, நடக்காமல் தடுக்கத் தேவையான கவனமெல்லாம் எடுத்தேன் என்று காட்டினால் அவர் தப்பிக்கலாம். அதனால் போலீஸ் வந்து கேட்டால் "அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டோம் சார்" என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது. ஆனால் சட்டம் கேட்கிற கவனம் குற்றத்துக்கு முன்னால் எடுக்க வேண்டியது. பயிற்சி கொடுத்தாயா, எழுதி வைத்தாயா, வயது கேட்டதற்காக வாடிக்கையாளர் கத்தியபோது ஊழியர் பக்கம் நின்றாயா என்பதெல்லாம் அதில் வரும். விற்று முடிந்த பிறகு ஒருவனை வெளியே தள்ளுவது எந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை. அந்த இடத்துக்கு அடுத்து வருகிற ஆளுக்கும் ஒன்றும் சொல்லித் தரப் போவதில்லை. அவரும் தாடியைப் பார்த்து ஏமாறுவார்.

மறுபக்கத்தையும் பேச வேண்டும். கேட்டதற்காகத் திட்டு வாங்கிய ஊழியர்கள் எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்! ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் மகனிடம் ஆதார் கேட்டதற்காக, "ஆள் தெரியாமல் பேசுகிறாயா" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். மலையாளம் பேசுகிறவரிடம் தமிழ்ப் பையன் அட்டை கேட்டால் அது வேறு மாதிரித் திரும்பும், தமிழரிடம் மலையாளி கேட்டால் இன்னொரு மாதிரி. வரிசை நீளக் கூடாது, புகார் வரக் கூடாது, விற்பனை குறையக் கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து என்ற இடத்தில் ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டு, அவர் எடுத்த முடிவுக்கு அவர் மட்டுமே பொறுப்பு என்பது அநியாயம்.

நம் ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. அப்பாவே பிள்ளையிடம் காசு கொடுத்து, "அண்ணாச்சி கடையில ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று அனுப்புவது. எட்டு வயதுப் பிள்ளை வந்து, "அப்பாவுக்கு" என்று சொல்லி நிற்கும். கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும், பிள்ளையையும் தெரியும். கொடுத்துவிடுவார். சட்டத்தின் முன் இதுவும் மைனருக்கு விற்றதுதான். அப்பாவுக்கு என்பது சாக்கு ஆகாது. இங்கே வயதைக் கணிப்பதில் எந்தக் குழப்பமும் இல்லை, எட்டு வயது எட்டு வயதுதான். என்னைக் கேட்டால், தாடிக்காரப் பையனுக்கு ஏமாந்து விற்றதைவிட இது பெரிய தவறு. ஆனால் இதற்காக யாருக்கும் வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஏனென்றால் இதில் எந்த அப்பாவும் கடைக்கு வந்து சத்தம் போடுவதில்லை. யார் புகார் செய்கிறார்கள் என்பதை வைத்துத் தண்டனை தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் வேலையைவிட்டு நீக்கலாம்? பள்ளி யூனிபார்மில் வந்தவனுக்கு விற்றால். பையனை நன்றாகத் தெரிந்து, வயதும் தெரிந்து, பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு விற்றால். கார்டில் இருக்கிற வருடத்தைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டால். முன்பே எழுத்தில் எச்சரித்தும் மறுபடி மறுபடி கேட்காமலே விற்றால். இவற்றில் கணிப்புப் பிழை எதுவும் இல்லை, தெரிந்தே செய்தது அல்லது சொல்லியும் கேட்காதது. இப்படிப்பட்டவருக்காக நான் தொழிலாளர் அலுவலகப் படி ஏறினாலும் முறையான விசாரணை நடந்ததா என்று மட்டும்தான் கேட்பேன், தண்டனை கூடாது என்று வாதாட மாட்டேன். மற்றபடி, முதல் தவறுக்கு மெமோவும் பயிற்சியும், இரண்டாவதற்குச் சில நாள் சஸ்பென்ஷனோ வேறு பிரிவுக்கு மாற்றமோ, அதற்கு அப்புறம்தான் கடைசித் தண்டனை. தொழில் நிறுவனங்களுக்கு அரசு வகுத்த மாதிரி வேலை விதிகளான நிலையாணைகளே, தண்டனை கொடுக்கும்போது தவறின் தீவிரம், ஊழியரின் முந்தைய பதிவு, தவறைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் சூழ்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. இரண்டு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர் என்றால், அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பத்து விநாடி ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்டிருக்கலாம். நான் முதலிலேயே சொன்ன தவறு அதுதான். கொஞ்சம் இளசாகத் தெரிந்தாலே கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. உங்கள் தம்பி இனி எந்தக் கடையில் நின்றாலும் முப்பதுக்குக் கீழே தெரிகிற எல்லோரிடமும் கேட்கட்டும்.

இனி, அவர் செய்ய வேண்டியது. கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், 1960, பிரிவு 18 அவருக்குப் பாதுகாப்பு. தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால், அதற்கென்று விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். காலையில் சத்தம், சாயங்காலம் வேலை இல்லை என்றால் விசாரணை எங்கே நடந்தது? இந்த ஒரு கேள்வியிலேயே கடையின் பக்கம் ஆட்டம் கண்டுவிடும். நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. அதற்கு நாள் வரம்பு உண்டு, ஆகவே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவும், ஆந்திரத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் ஏறக்குறைய இதே பாதுகாப்பைத் தருகின்றன. தொழிற்தகராறு என்று தீர்ப்பாயம் வரை போனால் தண்டனை அதிகம் என்று கருதிக் குறைக்கிற அதிகாரமும் அதற்கு உண்டு. பழைய தொழிற்தகராறுச் சட்டத்தில் 1971-இல் 11ஏ என்று சேர்த்த பிரிவால் முதலில் வந்தது அந்த அதிகாரம்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். "ராஜினாமா எழுதிக் கொடு, அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் தருகிறோம், உன் பேரும் கெடாது" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கமே நடக்கவில்லை என்று ஆகிவிடும், பிரிவு 18 கைக்கு எட்டாது. பாக்கிச் சம்பளம் அவருடைய உழைப்புக்கு வர வேண்டியது, அதற்கு ராஜினாமா விலை கிடையாது. அதேபோல, மலையாளத்தில் எழுதிய காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடவே கூடாது. நம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய வாக்குமூலமாக அது இருந்தால், வேலைநீக்க வழக்கையும் கெடுக்கும், போலீஸ் வழக்கு வந்தால் அதிலும் குத்தும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், படித்துக் காட்டாமல் வாங்கினார்கள் என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமை இருக்கிறது. சிறுபான்மையினர் பெரும்பான்மையாக வாழ்வதாக அறிவித்த பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். மலையாளத்தில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

போலீஸ் வழக்கு தனி. சிறார் நீதிச் சட்டத்தில் வழக்குப் பதிந்தால் வக்கீல் இல்லாமல் எதையும் பேச வேண்டாம். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவிடம் சமாதானம் பேசவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் போனாலும் சாட்சியை மிரட்டினார்கள் என்று ஆகிவிடும். கடை கேமரா படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, "பாருங்கள், இவனைப் பார்த்தால் பதினேழா?" என்று கேட்கத் தோன்றும். செய்யாதீர்கள். அவன் ஒரு சிறுவன், அவனுடைய அடையாளத்தை வெளியே விடுவது அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம். படம் வேண்டும்தான், ஆனால் அதைப் பாதுகாத்து வைக்கும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் பல கடைகளில் பழைய பதிவு சில நாளிலேயே தானாக அழிந்துவிடும். அந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது வேலையில் சேர்ந்த கடிதம் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் சம்பளம் வந்த பாங்க் பாஸ்புக்கையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், அன்றைய ஷிப்ட் விவரம், கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாம் வேண்டும். சம்பளம் கடையின் பெயரில் வந்ததா, ஏதாவது ஏஜென்சியின் பெயரில் வந்ததா என்று முதலில் பாருங்கள், யார்மேல் மனு போடுவது என்பது அதைப் பொறுத்தது. வேலை திரும்பக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்படிப்பட்டவை பெரும்பாலும் ஒரு தொகை கொடுத்து முடிகிற சமரசத்தில்தான் போய் நிற்கின்றன. அப்படி முடிந்தாலும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டார் என்ற வரி அவருடைய சான்றிதழில் இல்லாதபடி எழுதி வாங்குங்கள். இருபது வயதுகளில் இருக்கிறவருக்கு அந்தத் தொகையைவிட இதுதான் முக்கியம்.